உன் ஃபோர்க்கில் இருந்த வெள்ளைக் கிரீஸ்

நேற்று உன் சைக்கிளின் முன் ஃபோர்க்கை, மேடுபள்ளத்தில் அமுங்கி எழும் அந்த இரட்டைக் குழாயை, பிரித்தேன். தூசு உள்ளே போகாமல் தடுக்கும் ரப்பர் சீல் இருக்கிறதே, அந்த வளையத்தை நெம்பி எடுத்ததும், உள்விளிம்பில் நீ பூசிய கிரீஸ் அப்படியே இருந்தது. வெள்ளையாக. சித்தூர் மண்ணிலும் மழையிலும் ஓடிய வண்டி, நீ கண்மூடிய பிறகு மாடிப்படிக்கு அடியில் கேட்பாரற்றுக் கிடந்த வண்டி. உள்ளே ஒரு துகள் மண் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இந்த வண்டியை வாங்கியதும் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்கு வண்டிப் பூசைக்கு ஓட்டிப் போனோமே. கார்களுக்கும் லாரிகளுக்கும் நடுவில் நம் சைக்கிளும் வரிசையில் நின்றது. பக்தி முற்றிப்போய், பளபளவென்றிருந்த ஃபோர்க் குழாய்கள் இரண்டிலும் எண்ணெய் தடவி, மஞ்சளும் குங்குமமும் அப்பினாய். "புள்ளையாரே பாத்துக்கினு வருவாரு, வாடா" என்றாய். வீடு வருவதற்குள் அந்தப் பொடியெல்லாம் ரப்பருக்குள் புகுந்து அரைபட, ஃபோர்க் கிறீச்சிட ஆரம்பித்துவிட்டது. பிள்ளையார் பார்த்துக்கொண்டுதான் வந்தார். நான் வழியெல்லாம் சிரித்தேன், நீ முறைத்தாய்.

வேறு யாராவது என்றால் கடையில் விட்டிருப்பார்கள். நீயோ கெட்டுப்போன வளையத்தைத் துண்டு போட்டு, தேங்காய் எண்ணெய், செயின் கிரீஸ், நீ வேலை பார்த்த மாம்பழக்கூழ் ஆலையில் குழாய் ரப்பர்களுக்குப் பூசும் சிலிகான் கிரீஸ் என்று தனித்தனி டம்ளரில் ஊறப்போட்டாய். அந்த டம்ளர்களுக்காக உன் மனைவி போட்ட சண்டை தெருவுக்கே கேட்டது. சில வாரம் கழித்துக் கூப்பிட்டுக் காட்டினாய். செயின் கிரீஸில் கிடந்தது உப்பித் தொளதொளத்திருந்தது. எண்ணெயில் கிடந்தது பிசுபிசுத்தது. சிலிகானில் கிடந்தது மட்டும் போட்டபடியே இருந்தது. "ரப்பருக்கு இன்னா ஒத்துக்கும்னு ரப்பரையே கேட்டேன்டா" என்றாய். ஒரு ரப்பர் வளையத்திடம் இவ்வளவு மரியாதையாகக் கேள்வி கேட்ட ஆளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அடுத்த பூசையில் அர்ச்சகரிடம், "சாமி, ஹேண்டில்கி மாத்ரமே பொட்டு பெட்டண்டி" என்று, ஹேண்டிலுக்கு மட்டும் பொட்டு வைக்கச் சொல்லித் தெலுங்கில் கெஞ்சினாய்.

இப்போது உன் மகள் திருப்பதியில் கல்லூரி சேர்கிறாள். உன் சைக்கிளைக் கொண்டுபோக வேண்டுமாம். அதற்காகத்தான் பிரித்தேன். நான் துணியை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா பூசனது மாமா. தொடைக்காதீங்க. மேலயே புதுசு போடுங்க."

எனக்கும் மனமில்லைதான். அதில் உன் விரல் தடம்கூட இருந்தது. ஆனால் நீ விடமாட்டாயே! "பழசு மேல புதுசு பூசனா ரெண்டும் கெட்டுப்பூடும். தொடைச்சிட்டுப் பூசுடா" என்று என்னை எத்தனை முறை திட்டியிருக்கிறாய். அதை உன் குரலிலேயே அவளிடம் சொல்லிக் காட்டினேன். அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு துணியை என்னிடமிருந்து வாங்கி அவளே துடைத்தாள். புது சிலிகான் கிரீஸை, நீ பூசுவது போலவே விரலால் சுற்றி மெல்லிசாகப் பூசினாள். எல்லாவற்றையும் மாட்டி முடித்து ஹேண்டிலை அமுக்கினாள். ஃபோர்க் சத்தமில்லாமல் இறங்கி, சத்தமில்லாமல் எழுந்தது. 

இன்று காலை அவள் கிளம்பிவிட்டாள். அந்தத் துணியைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. மடித்து, என் சைக்கிள் சீட்டுக்கு அடியில் இருக்கும் பையில் வைத்திருக்கிறேன். இனி நான் போகும் வழியெல்லாம் நீயும் வருவாய். வண்டி கிறீச்சிட்டால் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.