அமைதி என்று நினைத்தது

மார்ச் 4, செவ்வாய்
கையெழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கிறது. பின்னால் படிக்கப்போகிறவனும் நான்தான். என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் இந்த வயசில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவனுக்கு என்ன சுகம் இது.

மகளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்துவிட்டோம். பிரசவத்துக்குப் பின் தூக்கம் போய், குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று கத்தியவள், ஊசி மாத்திரையில் அடங்கியிருக்கிறாள். கிளம்பும்போது நர்ஸம்மா சொன்னாள்: "காய்ச்சலும் உடம்பு விறைப்பும் சேர்ந்து வந்தா யோசிக்காதீங்க. அடுத்த மாத்திரை குடுக்காம நேரா கூட்டிட்டு வாங்க." எல்லோரும் தலையாட்டினோம்.

மார்ச் 6, வியாழன்
மகளிடம் பேச்சே இல்லை. "பாருங்க மாமா, எவ்வளவு அமைதியாயிட்டா," என்றார் மருமகன். எனக்கும் நிம்மதி.

மார்ச் 7, வெள்ளி
காலையில் அவள் உடம்பு கொதித்தது. "பால் கட்டியிருக்கு, ஒத்தடம் குடுத்தா இறங்கிடும்," என்றாள் என் வீட்டுக்காரி. நாலு பெற்றவள். எதிர்த்துப் பேச முடியுமா?

மடியில் குழந்தையை வைக்கலாம் என்று மகள் கையை மடக்கினேன். மடங்கவில்லை. நான் ஓட்டிய பழைய லாரியின் ஸ்டியரிங் போல முரண்டுபிடித்தது. வேர்வையில் தலையணை நனைந்திருந்தது. கூப்பிட்டால் கண் என்னைத் தாண்டிப் போகிறது. இது அமைதி இல்லடா, இது வேற— என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"கிளம்புங்க," என்றேன்.

"சாயங்காலம் வரைக்கும் பார்ப்போமே மாமா. திரும்ப அந்த மனநல வார்டுல போட்டுடுவாங்க."

"போடட்டும். பால் கட்டினா காய்ச்சல் வரும். கை எதுக்கு விறைக்குது?"

"நாலெழுத்து படிச்சதும் டாக்டராயிட்டாரு," என்றாள் வீட்டுக்காரி. சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

மார்ச் 8, சனி
மருந்தே உடம்புக்கு எதிரியாகிவிட்டதாம். அபூர்வமாக அப்படி வருமாம். "இன்னும் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும், உயிருக்கே ஆபத்து," என்றாள் டாக்டரம்மா. அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். சலைன் ஏறுகிறது. ஐ.சி.யூ. கதவுக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். பிழைப்பாள். என் மகள் பிழைப்பாள்.

மார்ச் 11, செவ்வாய்
காய்ச்சல் இறங்குகிறது.

மார்ச் 22, சனி
வேறு மருந்து, கொஞ்சம் கொஞ்சமாக, அவர்கள் கண்காணிப்பிலேயே ஆரம்பித்திருக்கிறார்கள். இன்று மகள் இரண்டு கையையும் நீட்டி, "குடுங்கப்பா," என்றாள். குழந்தையைக் கொடுத்தேன். "தலையைத் தாங்கிக் குடுக்கத் தெரியாதா? இவ்வளவு வயசாச்சு," என்று திட்டு வேறு. வாங்கிக்கொண்டேன்.

குழந்தைக்கு என்ன பேர் என்று அவளுக்கும் மருமகனுக்கும் சண்டை தொடங்கியிருக்கிறது. யார் ஜெயித்தாலும் சரி, அடுத்த வாரம் அந்தப் பேரை இங்கே பெரிய எழுத்தில் எழுதுவேன்.