கயிறு பிடித்த ஞாயிற்றுக்கிழமை

கொட்டகலை
22-7-1954

அன்பு மகன் இராமையாவுக்கு ஆத்தா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் கோழிகளும் சுகமாக இருக்கிறோம், இந்த மழைக்கு முழங்கால் மட்டும்தான் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. நீயும் மருமகள் நாகலெட்சுமியும் பேரப்பிள்ளையும் சுகம் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். உன் கடிதம் கிடைத்தது. கூட்டத்துக்குப் போகாதே, முன்னால் நிற்காதே, தோட்டத்துத் துரை பேர் வெட்டி வேலையை நிறுத்திவிட்டால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும், இங்கே கடைக்குப் பின்னால் நாங்களே காலை மடக்கித்தான் படுக்கிறோம், உன்னை எங்கே வைப்பேன் என்று எழுதியிருந்தாய். நீ எழுதியது நியாயம்தான். ஆனால் கூட்டம் நடந்தது ஞாயிற்றுக்கிழமை, உன் கடிதம் வந்தது செவ்வாய்க்கிழமை. முன்னாலேயே வந்திருந்தாலும் போயிருப்பேன், அது வேறு. பஜார் ஹுசைன் முதலாளி சரக்கெடுக்கக் கொழும்புக்கு வருகிறாராம். அவர் வாயால் கேட்டு நீ பதறுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். பென்சில் எழுத்து, பொறுமையாகக் கூட்டிப் படி.

நம் தோட்டத்துச் சங்கத் தலைவர் கணேசமூர்த்தி கோயிலடியில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார், கொட்டகலையில் பிரஜாவுரிமைக் கூட்டம் வைக்கிறோம், நாங்களும் இந்த நாட்டுச் சனம்தான், பிடுங்கின ஓட்டுரிமையைத் திருப்பிக் கொடு என்று கேட்கப் போகிறோம், திம்புள்ளப் பக்கமிருந்தும் கந்தப்பளையிலிருந்தும் சனம் வருகிறது, பெண்கள் பக்கம் பார்த்துக்கொள்ளத் தொண்டர் வேண்டும் என்று. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் வேலை வாங்குகிற கண்டாக்கையா காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போதே சொல்லியிருந்தார், கூட்டம் பார்க்கப் போகிறவர்களை விட்டாலும் விடுவேன், கையில் தொண்டர் பட்டி கட்டிக்கொண்டு நிற்கிறவளுக்கு வேலை நீக்கிப் பத்துச்சீட்டுத்தான், மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போகட்டும் என்று. எனக்கு நாற்பத்தேழாம் வருஷம் ஞாபகம் வந்தது. உன் அப்பாவும் நானும் குளித்து, பெட்டியில் இருந்த நல்ல துணியை உடுத்தி, கோயிலுக்குப் போகிற மாதிரி ஓட்டுப் போடப் போனோம். மறு வருஷமே நீ இந்த நாட்டுக்காரி இல்லை என்று சட்டம் போட்டார்கள். உன்னைப் பெற்றதும் இந்த மலையில், உன் அப்பாவைப் புதைத்ததும் இந்த மலையில். மற்றவர்கள் மறந்தாலும் எனக்கு மறக்கத் தெரியாது, அது உனக்கே தெரியும். கையைத் தூக்கினேன். எனக்குப் பின்னால் இன்னொரு கை எழுந்தது. யார் என்று திரும்பினால் மேல் லயத்துக் காளியாயி.

காளியாயியை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. நீ கைக்குழந்தையாய்க் காய்ச்சலில் கிடந்தபோது நான் மலையிலிருந்து நைசாக இறங்கி வந்து உன்னை மடியில் போட்டுக்கொண்டிருந்ததை, அப்போதிருந்த கண்டாக்கிடம் போய்ச் சொல்லி எனக்கு அரைப்பேர் போட வைத்தவள். பாதிச் சம்பளம் போனதுகூடப் பெரிதில்லை, மறுநாள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குடத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாளே, அதுதான். அன்றிலிருந்து பேச்சில்லை. கணேசமூர்த்தி எங்கள் இரண்டு பேரையும் ஒரே கயிற்றுக்குப் போட்டார். உமக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். கயிறு பிடிக்கக் கைதான் வேண்டும், வாய் வேண்டாம், நீங்கள் இரண்டு பேரும்தான் பேசாமல் நிற்கிற ஆட்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் அந்த மனுசன்.

கூட்டம் நடக்கிற மைதானத்துக்குத் திரும்புகிற முடக்கில் ரோட்டுக்குக் குறுக்கே கயிறு. ஒரு முனையைச் சவுக்கு மரத்தில் கட்டியிருந்தார்கள், இந்த முனை எங்கள் கையில். ஊர்வலம் வரும்போது வண்டி வாகனம் உள்ளே புகுந்து பிள்ளைகுட்டிகளை நசுக்கிவிடாமல் பார்க்க வேண்டும், கடைசி ஆள் மைதானத்துக்குள் போன பிறகுதான் கயிற்றை இறக்க வேண்டும், இதுதான் எங்கள் வேலை. கைப் பட்டியை ஊசி குத்தி மாட்டினார்கள். மழை தூறிக்கொண்டே இருந்தது. ஹுசைன் முதலாளி பெரிய அண்டாவில் பிளேன்டீ போட்டு அனுப்பினார், அவர் நன்றாயிருக்கட்டும். அப்புறம் சனம் வரத் தொடங்கியது பார். தம்பி, அதை எப்படி எழுதுவேன். ரோட்டு வழியாக, குறுக்குப் பாதை வழியாக, ரயில் பாதை ஓரமாக, தலையில் கம்பளியோடு பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எதிர் மலையைப் பார்த்தால் அங்கேயும் கறுப்பாக இறங்கி வருகிறது. இந்த மலைகளில் இத்தனை பேர் இருக்கிறோம் என்பதே இந்த வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. நம் தோட்டத்துப் பெரட்டுக்கு வருகிறவர்கள்தான் உலகம் என்று இருந்துவிட்டேன். காளியாயியும் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

பஸ் வந்தது, நின்றது. டிரைவர் சிங்கள மனுசன், அம்மே, மழையில் நனைகிறீர்களே என்று சொல்லிவிட்டு எஞ்சினை அணைத்துப் பீடி பற்றவைத்தார். பின்னாலிருந்து பஸ்ஸைத் தாண்டிக்கொண்டு நம் துரையின் கார் வந்தது. கிளப்புக்குப் போகிறார். முன் சீட்டில் கண்டாக்கையா. துரை கார் வந்தால் நாம் என்ன செய்வோம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, மழையென்றாலும் தலைக் கம்பளியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரோட்டோரக் கானுக்குள் இறங்கி நிற்போம். கண்டாக்கையா தலையை வெளியே நீட்டி, "மீனம்மா, தொர வாறாரு தெரியலையா, கயித்த எறக்கு" என்றார். இறக்கக்கூடாது என்றுதான் மனசில் இருந்தது. ஆனால் என் கை இருக்கிறதே, அது என்னைக் கேட்காமலே போய்க் கம்பளியை எடுத்துவிட்டது. ஒரு கால் கானுக்குள் இறங்கிவிட்டது. அப்போது காளியாயி ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடியே மறு கையால் என் கம்பளியைப் பிடுங்கி என் தலையிலேயே திரும்பப் போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. அவள் கையைத் தூக்கியபோதுதான் அவளுடைய கம்பளி கிழிந்து மழை தோளில் இறங்குவதைப் பார்த்தேன். நான் காலை மேலே எடுத்து வைத்து, "சனம் உள்ள போகட்டுங்க, அப்புறம் எறக்குறோம்" என்றேன். ஆமாம், சொல்லிவிட்டேன்.

துரை ஏதோ இங்கிலீஷில் சொல்ல, காரும் நின்றது. ஊர்வலம் அந்தக் காருக்கு முன்னாலேயே போனது. நான் சனத்தின் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பளியை எடுக்காதீர்கள் என்று யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் எந்தத் தோட்டத்துப் பெண்ணும் எடுக்கவில்லை. துரையைப் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே நடந்தார்கள். கர்ப்பிணி ஒருத்தி வெற்றிலை மென்றுகொண்டே போனாள். கோயிலில் அம்மன் தேர் நகரும்போது உடம்பு சிலிர்க்குமே, அப்படிச் சிலிர்த்தது எனக்கு. மேடையில் பேசியவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்காதே, என் காதில் ஒன்றும் விழவில்லை. கடைசி ஆள் போனதும் கயிற்றை இறக்கினோம். கார் போகும்போது கண்டாக்கையா நாளைக்குப் பெரட்டில் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டதும் நீ எழுதப்போகிற கடிதம்தான் கண் முன்னால் வந்தது.

மறுநாள் பெரட்டில் எல்லோர் பேரையும் கூப்பிட்டார், என் பேரை மட்டும் விட்டுவிட்டுத் தாண்டிப் போனார். என் அடுப்பும் அம்மியும் ரோட்டில் கிடப்பது மாதிரி இருந்தது. அடுத்து காளியாயி என்றார். அவள் வாய் திறக்காமல் நின்றதால் அவளை மன்னித்துவிட்டார் போலிருக்கிறது. அவள் இருக்கேன் என்று சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டார். கூடையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, "மொதல்ல மீனம்மா பேரக் கூப்புடுங்க சாமி, எம்பேரு எங்க போயிறப் போகுது" என்றாள். அவ்வளவுதான், பக்கத்தில் நின்றவள் கூடையை இறக்கினாள், அதற்கு அடுத்தவளும் இறக்கினாள், பெரட்டு முழுக்கக் கூடை தரையில் இருந்தது. துரை ஆபீசிலிருந்து வெளியே வந்து பார்த்தார். இப்போது தேயிலைக் கொழுந்து முட்டிக்கொண்டு வருகிற நேரம், ஒரு நாள் விட்டால் முற்றிப் போகும். கண்டாக்கையாவைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். கண்டாக்கையா தொண்டையைச் செருமிக்கொண்டு மீனம்மா என்றார். நான் இருக்கேனுங்க என்றேன். எத்தனையோ வருஷமாகச் சொல்கிற வார்த்தைதான் தம்பி, அன்றைக்குத்தான் அதற்கு அர்த்தம் இருந்தது.

நாளைக்கு என்ன செய்வார்களோ தெரியாது. பிரஜாவுரிமையும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. காம்பராவில்தான் இருக்கிறேன், அதே அடுப்படியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பயப்படாதே. பிள்ளைக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், கடல் காற்றில் வெளியே தூக்காதே, துளசியும் மிளகும் போட்டுக் கொடுக்கச் சொல். நாகலெட்சுமி நேரத்துக்குச் சாப்பிடட்டும். உன் கடை முதலாளியோடு வாக்குவாதம் வைத்துக்கொள்ளாதே, ஆனால் அநியாயம் என்றால் வாயை மூடிக்கொண்டும் இராதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க அம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

காளியாயியோடு பேசினாயா என்று கேட்பாய். இல்லை. அரைப்பேர் அரைப்பேர்தான். ஹுசைன் முதலாளி திரும்பி வரும்போது மறக்காமல் நல்ல கம்பளியாகப் பார்த்து இரண்டு கொடுத்தனுப்பு. ஒன்று எனக்கு. இன்னொன்று யாருக்கு என்று எழுதிக் கேட்காதே.

இப்படிக்கு,
உன் ஆத்தா
மீனம்மா