மைக் செட் மாமா

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் வணக்கம். நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

உன் கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூட மேடையில் பாப்பாவின் கீபோர்டு 'கொர்'ரென்று இரைந்ததாம், 'மைக் செட் மாமா' வந்து ஒரே நொடியில் நிறுத்தினாராம். அவர் எப்போது மாமா ஆனார்? உன் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தானே?

அது பெரிய வித்தையே இல்லை. கீபோர்டுக்கும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்கும் நடுவே டி.ஐ. பாக்ஸ் என்று சோப்பு டப்பா அளவில் ஒன்றை மாட்டுவார்கள். இங்கே ஆயிரம் பேர் உட்காரும் அரங்கில் அந்தப் பெட்டிகளுக்கு நான்தான் ராஜா. போன வாரம் கிட்டார் இரைந்தபோது சவுண்ட் இன்ஜினியரே என்னைத்தான் கூப்பிட்டார்: "யோவ், கிரவுண்ட் லிஃப்ட அமுக்குய்யா!" நான் நாலே பாய்ச்சலில் கீழ்த்தளத்துக்கு ஓடி லிஃப்ட் பொத்தானை அமுக்கினேன். அவர் சொன்னது பெட்டியில் இருக்கும் சின்ன சுவிட்சையாம். அதை அமுக்கினால்தான் இரைச்சல் நிற்குமாம்.

"பரவால்லய்யா, லிஃப்டாவது வந்துச்சா?" என்று மைக்கிலேயே கேட்டார். அரங்கமே எனக்குக் கைதட்டியது.

அப்படி ஒரு பெட்டி வாங்கி அனுப்புகிறேன். இனி பாப்பாவே சுவிட்சை அமுக்கட்டும், வேறு ஆள் மேடை ஏற வேண்டாம். இங்கே எல்லோருக்கும் நான் 'யோவ்'தான். அதனால் அவள் 'மாமா' என்று கூப்பிடுவதைப் போனில் பதிவு செய்து அனுப்பு. அந்த மனுஷனைச் சித்தப்பா என்று கூப்பிடட்டும், அது அத்தான் பாடு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

இப்படிக்கு,
பாப்பாவின் ஒரே மாமா