ரஹ்மாவைச் சேர்த்துவிட்டேன்

கூடப் பிறந்த நானாவுக்கு,

ஸலாம் சொல்லித் தொடங்க மனம் வரவில்லை.

கொழும்புக்குப் படிக்கப் போகும் ஊர்ப் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்துவிட நீங்கள் சம்பளமில்லாமல் அலைவதைக் கஹவத்தை ஊரே புகழ்கிறது. என் மகள் ரஹ்மா ஆசிரியப் பயிற்சிக்குத் தெரிவானதும் நானும் உங்களைத்தான் நம்பினேன். "கவலப்படாத தங்கச்சி, நான் பாத்துக்கிறன்" என்றீர்கள்.

ஆனால் கல்லூரிக்குப் போய், "புள்ளக்கிக் கலியாணம் பேசியாச்சு, வரமாட்டா" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். மறுவாரமே உங்கள் மகனுக்கு அவளைக் கேட்டு வந்தீர்கள்.

நேற்று நானே அவளைக் கூட்டிப் போனேன். "உங்கட மாமா வேற மாதிரிச் சொன்னாரே?" என்றார் பெரிய டீச்சர்.

"படிக்க வந்தது நான், மாமா இல்ல" என்றாள் ரஹ்மா. சேர்த்துக்கொண்டார்கள்.

பக்கத்து ஊர் ஓப்பநாயக்கவில் பளீலின் மகளும் தெரிவாகியிருக்கிறாள். அவளை நான் அழைத்துப் போகிறேன். நீங்கள் அந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்.

உங்களிடம் இனி எதுவும் கேட்காத
தங்கச்சி