மான் இல்லை, பன்றி

உ

சாங்வி, புணே
20-9-2003

அன்புள்ள ப்ரியாவுக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. அப்பாவின் முட்டிவலியைத் தவிர இங்கே சௌக்கியத்துக்குக் குறைவில்லை, அந்த சுலாவேசித் தீவில் மழையும் கொசுவுமாக நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் கவலை, மலேரியா மாத்திரையை விடாதே. இங்கேயும் மழை, துணி காயவில்லை, சாக்கடை நாலா நிரம்பி ரோட்டுக்கு வந்துவிட்டது. அப்பா இன்டர்நெட் கஃபேயில் போய் இங்கிலீஷில் தட்டி அனுப்புகிறேன் என்றார், இது நானே எழுதவேண்டியது என்று சொல்லிவிட்டேன். போனில் சொல்ல எனக்கு வாய் வராது. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், மெதுவாகப் படி.

போன ஞாயிறு விமான் நகரிலிருந்து வனஜாவும் அவள் வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள், அவர்கள் பையன் நிர்மலுக்கு உன்னைக் கேட்டு. நீ காட்டிலிருந்து டவுனுக்கு இறங்கி வந்து போன் செய்கிற நாள் என்று தெரிந்துதான் வரச்சொன்னேன், நேரில் பார்க்க டிசம்பர் ஆகும், குரலையாவது கேட்கட்டுமே என்று. போட்டோவைப் பார்த்து நீ வேண்டாம் என்று சொல்லாத முதல் பையன், அந்த ஆசை எனக்கு. அவர்களிடம் நான் சொல்லிவைத்திருந்தது, நீ மான் ஆராய்ச்சி செய்கிறாய் என்று. பன்றி என்றால் இங்கே நாலாவில் புரளுகிற டுக்கர்தானே எல்லோர் கண்ணிலும் வரும். நீ ஆராய்கிற அந்தப் பாபிருசா என்றால் அந்த ஊர் பாஷையில் பன்றிமான் என்று நீதானே சொன்னாய், அதில் பன்றியை முழுங்கிவிட்டு மானை மட்டும் வெளியே விட்டேன். அதன் மண்டையோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நீ சிரிக்கிற படத்தையும் ஹாலிலிருந்து கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். ஏண்டி, நம்ம பொண்ணு என்ன திருட்டுத் தொழிலா பண்றா என்று அப்பா கேட்டார். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் வாயை அடைத்தேன்.

உன் போன் வந்தது, நானும் ஒரு வார்த்தை பேசறேனே என்று வனஜா கையை நீட்டினாள், கொடுக்காமல் இருக்க முடியுமா. மானெல்லாம் எப்படிம்மா இருக்கு, கிட்டப் போனா ஓடாதா என்று கேட்டாள். அதைக் கேட்டதுமே உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அப்புறம் வனஜா ரிஸீவரைப் பொத்திக்கொண்டு, ரொம்ப சாதுவாம், இலையை நீட்டினா கையிலேர்ந்தே சாப்பிடுமாம் என்று எங்களுக்குச் சொன்னாள். பரீட்சையில் பக்கத்துப் பெண் பேப்பரைப் பார்த்தேன் என்று தானாகவே டீச்சரிடம் போய்ச் சொல்லி மார்க்கைக் குறைத்துக்கொண்டு வந்தவள் நீ. என் மானத்தைக் காப்பாற்ற இப்படி ஒரு பொய். அவர்களுக்குக் கேசரி கொடுத்துவிட்டு நானும் ஒரு வாய் போட்டுக்கொண்டேன், மீதியை மூடிவைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது ப்ரியா, இன்னும் இருக்கிறது.

போன லீவில் நான் மாவு அரைக்கையில் பக்கத்தில் நின்று நீ சொன்னதற்கெல்லாம் ஊம் கொட்டினேனே தவிர மனசில் வாங்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன், இந்த வாரம் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. ஆணுக்கு மேல்பல் வாய் வழியாக வராமல் மூக்குத் தோலைத் துளைத்துக்கொண்டு மேலே முளைத்து, வளைந்து நெற்றிப் பக்கம் திரும்பும், சிலதுக்குத் தன் மண்டையிலேயே குத்திவிடும் என்றாய். உப்பு மண்ணை நக்க அவை கூடுகிற இடத்தில் பரண் மேல் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருப்பேன் என்றாய், இரண்டு ஆண்கள் பின்னங்காலில் நின்று குத்துச்சண்டை போடுவதை நடித்துக் காட்டி என் மாவுப் பாத்திரத்தைத் தட்டிவிட்டாய். நம் ஊர் டுக்கர் மாதிரி பத்து குட்டி போடாது, ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்றாய். நானும் ஒன்றுதான் பெற்றேன். அந்தத் தாய் தன் குட்டியை மான் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளாது.

வியாழக்கிழமை அந்தப் படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி விமான் நகர் போனேன். மான் இல்லை, காட்டுப்பன்றி, பொய் சொன்னது நான், என்னைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல்தான் என் பெண் ஆமாம் போட்டாள் என்று வனஜாவிடம் சொன்னேன். டுக்கரா என்று மராத்தியில் கேட்டாள், அந்த வார்த்தையைத் தமிழில் சொல்ல அவளுக்கும் நாக்கு எழவில்லை, ஞாயிறன்று எனக்கு எழாதது போலத்தான். தொடுவாளா என்றாள். தொடுவாள், செத்ததன் பல்லை அளப்பாள், விட்டையைக்கூடக் கிளறிப் பார்ப்பாள் என்றேன். அவரைக் கேட்டுச் சொல்றோம் என்றாள். இன்றுவரை போன் இல்லை. முதலிலேயே உள்ளதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை சரி என்றிருப்பார்களோ என்னவோ, இப்போது பன்றியோடு பொய்யும் சேர்ந்துவிட்டது. சம்பந்தம் கூடி வராவிட்டால் என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

படம் மறுபடி ஹாலில் மாட்டியாகிவிட்டது, டிவிக்கு நேர் மேலே. பருப்புப்பொடி பார்சலில் வருகிறது, ஈரக்கையால் எடுக்காதே. நீ இனிமேல் போன் செய்யும்போது வீட்டில் யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, பன்றியெல்லாம் எப்படி இருக்கு என்று நானே சத்தமாகக் கேட்கிறேன். உள்ளதைச் சொல். ஒரு குறையுமில்லாமல் தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
உன்னைப் பொய் சொல்லவைத்த அம்மா
பாலாம்பாள்