அக்காவுக்குக் கிடைத்த அறை

மார்ச் 3, திங்கள்

இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது: எங்கள் கூடத்து சோபாவின் நடு ஸ்பிரிங், பதினோரு வருட ஓயாத சேவைக்குப் பிறகு, இன்று மாலை ஐந்தேகாலுக்கு வீர மரணம் அடைந்தது. காயம்பட்டவர் ஒருவர். அந்த ஒருவர் தினமும் அந்த சோபாவில்தான் தூங்குகிறார்.

வெளியே ஓடிப்போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பள்ளி அறிவிப்புப் பலகையில் ‘நாளை முதல் தலைமை ஆசிரியருக்கு மட்டும் பள்ளி நடைபெறும்’ என்று எழுதிய மகான் யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். தீர்ப்பு: பள்ளி விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளி. ஒரு மாதம். காவல் பொறுப்பு அம்மா. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவள். ‘வலிக்கவே வலிக்காது’ என்று சிரித்துக்கொண்டே உட்கார வைத்துவிடுவாள்.

எட்டு மாதமாக அக்காவின் அறை சும்மா கிடக்கிறது. அவள் வேறு ஊரில், ஒரு பெரிய ஹோட்டலின் சமையல்கட்டில், மூன்று வருடப் பயிற்சியில் இருக்கிறாள். அந்த அறையை ஓய்வுக் குகை ஆக்கினால் என்ன? மெத்தை, திண்டு, மூலையில் ஒரு நொறுக்குத்தீனி மேடை. “எனக்கு ஒரு அறை குடுங்கப்பா” என்றேன். “கன்னத்தைக் காட்டு” என்றார் அப்பா. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது ரூம்தான். அறை என்று சொல்பவன் நான் ஒருவன், அதுவும் இந்தச் சிலேடைக்காக.

அப்புறம் சிரிக்காமல் சொன்னார். “அது அவ ரூம். அவ வந்தா எங்க படுப்பா?”

அறை கேட்டேன், சிறை நீடிக்கிறது.

மார்ச் 5, புதன்

அக்காவிடமிருந்து தகவல். அப்படியே எழுதுகிறேன்: ‘இன்னிக்கு எனக்கும் ஒரு அறை கிடைச்சாச்சு. அப்பாகிட்ட மூச்சு விடாதே.’

அடி சக்கை. யார் கொடுத்தது என்று கேட்டேன். தலைமை சமையல்காரராம். பெரிய ஹோட்டல்களில் அவர்தான் எல்லாம் போலிருக்கிறது. எப்படி இருக்கு என்றேன். ‘இன்னும் சூடா இருக்கு’ என்றாள். ‘எல்லாருக்கும் கிடைச்சிடும், எனக்குத்தான் லேட்டு’ என்று இன்னொன்று அனுப்பினாள். வாழ்த்துகள் என்று பதில் போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

அப்பாவிடம் ஏன் மறைக்கிறாள்? தனி அறை வந்துவிட்டால் வீட்டுப் பக்கம் வர மாட்டாள் என்று அவர் வருத்தப்படுவார் என்பதால்தான். வேறென்ன?

மார்ச் 6, வியாழன்

மூச்சு விட்டுவிட்டேன்.

அக்காவுக்கு அங்கேயே தனியாக ஒரு அறை கொடுத்துவிட்டார்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் அறையை நீயே எடுத்துக்கொள், இனி லீவுக்கும் வரப் போவதில்லை என்று அவளே சொன்னதாக ஒரு வாலை ஒட்டினேன். அப்பா குளிர்பெட்டி மெக்கானிக். யாருடைய பெட்டியின் மோட்டாரையோ மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். “அவளா சொன்னா?” என்றார். “அவளேதான்” என்றேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

அம்மா வேறு மாதிரி. தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். பேச்சை மாற்ற, அறை கொஞ்சம் சூடாக இருக்கிறதாம் என்றேன். “அப்போ ஃபேன் இல்லையா?” என்றாள்.

எப்படியோ, அறை என்னுடையது.

மார்ச் 9, ஞாயிறு

என் மூளை ஒரு சுரங்கம். இன்று செய்தவை: அக்காவின் புத்தக அலமாரியைப் படுக்கப் போட்டு, மேலே பலகை அடித்து, மேடை ஆக்கினோம். அப்பா பட்டறையிலிருந்து, கைப்பிடி உடைந்த குட்டி ஃப்ரிட்ஜ் ஒன்றைக் கொண்டு வந்து, பழையதென்று யாரும் சொல்ல முடியாதபடி ஆக்கினார். அம்மா பழைய திரைச்சீலையில் திண்டுக்கு உறை தைத்தாள். ஜாடிகளில் கடலை, சிப்ஸ், முறுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, அட்டையில் என் கையெழுத்தில் கடையின் பெயர்: தின்று பார்.

மாடி வீட்டு மாமா அதில் கடைசிச் சொல்லை மட்டும் படித்துவிட்டு, சாயங்காலம் சொந்த டம்ளரோடு வந்துவிட்டார். மோர்தான் உண்டு என்றதும், பரவாயில்லை என்று உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம்.

அக்காவின் சாமான்கள் மூன்று பெட்டிகளில் பரணுக்குப் போயின. மேலே என்ன எழுதுவது என்று அப்பா மார்க்கரோடு ரொம்ப நேரம் நின்றார். எதுவும் எழுதாமலே ஏற்றினார்.

மார்ச் 12, புதன்

மாமா தினமும் வருகிறார். என் குகையில் நான் பரிமாறுபவன்.

மார்ச் 16, ஞாயிறு

அப்பா அக்காவை வீடியோவில் கூப்பிட்டு, போனை மேடை, ஃப்ரிட்ஜ், திண்டு என்று ஒவ்வொன்றின் முன்னாலும் நீட்டினார். உன் ரூம் எப்படி ஆயிடுச்சு பாத்தியா என்றார். அக்கா முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பியே வைத்திருந்தாள். “நல்லா இருக்குப்பா” என்றாள். யார் யோசனை என்று கேட்டாள். நான்தான் என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டேன். “ம்” என்றாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டாள்.

அம்மா நேற்றே ஒரு மேசை ஃபேனை பார்சலில் அனுப்பிவிட்டாளாம். தனி அறையில் வேர்த்துக் கிடக்காதே என்று சீட்டு வேறு.

மார்ச் 20, வியாழன்

நாலரை மணிக்கு அக்கா கூப்பிட்டாள். வீட்டில் நான் மட்டும்.

“டேய் வாலு, ஃபேன் எதுக்குடா?”

“உன் அறை சூடா இருக்குன்னு சொன்னியே.”

“எந்த ரூம்? எட்டுப் பேர் ஒரே ரூம்ல படுக்கிறோம்.”

“சமையல்காரர் குடுத்தாருன்னியே.”

சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் வேறொன்றாக மாறியது என்று எனக்குப் பிடிபடவில்லை.

“அறைடா. கன்னத்துல. குழம்பு அடிப்பிடிச்சிடுச்சுன்னு. நீ எந்நேரமும் அந்த ஜோக்கைத்தானே அடிப்பே? உனக்குப் புரிஞ்சிடும்னு நினைச்சேன்.”

புரியவில்லை. வாழ்த்துகள் என்று அனுப்பியிருக்கிறேன். வாழ்த்துகள்.

அதற்கப்புறம் இன்னும் இரண்டு தடவையாம். எல்லார் எதிரிலும். வந்துடுக்கா என்றேன். வந்து என்ன செய்ய என்று கேட்டாள். பாதியில் விட்டால் சான்றிதழ் கிடையாது. அப்பா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். “ரூமும் இல்ல. அந்தச் சிப்ஸ் ஜாடிங்களுக்கு நடுவுல படுக்கவா?” கேலியாகத்தான் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் இனி என்னிடமும் எதையும் சொல்ல மாட்டேன் என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வைத்தாள்.

சொன்னால் என்னிடமும் வாயை மூடிக்கொள்வாள். சொல்லாவிட்டால் அங்கேயே நின்று வாங்கிக்கொண்டிருப்பாள். அப்பாவிடம் சொல்ல ஆரம்பித்தால், அவளேதான் சொன்னாள் என்று நான் ஒட்டிய வாலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். நாலு சுவரும் நான் எழுப்பியது.

மார்ச் 21, வெள்ளி

சிப்ஸ் ஜாடியை நான் தொடவே இல்லை. இது முதல் தடவை.

மார்ச் 23, ஞாயிறு

திட்டம்: சுவரில் ஈரம் கசிந்தால் மேடையைப் பிரிப்பார்கள், மெத்தையை எடுப்பார்கள், அறை காலியாகும். அக்கா, உன் அறை உனக்காகக் காத்திருக்கு என்று சொல்லிவிடலாம். யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். நேற்றே மேடைக்குப் பின்னால் ஆறிப்போன டீயை ஊற்றி, பஞ்சால் பரப்பி, அசல் கசிவு போலவே வரைந்தேன்.

இன்று காலை அப்பா குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு, முகர்ந்தார்.

“ஈரத்துல சர்க்கரை போட்டது யாரு?” என்றார். எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. திண்டில் உட்கார்ந்தார். “பிடிக்கலைன்னா சொல்லுடா. உனக்காகத்தானே இவ்வளவும். அவ வேண்டாம்னுட்டா. நீயாவது வீட்டோட இருக்கியேன்னு நினைச்சேன்” என்றார்.

இதற்கு அவர் ஒரு அறையே கொடுத்திருக்கலாம்.

அப்போதாவது வாயைத் திறந்தேனா? துணி எடுத்து வந்து சுவரைத் துடைத்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

இன்று மத்தியானம் அக்கா ஒரு படம் அனுப்பினாள். முகம் இல்லை. அந்த ஃபேன் மட்டும், எட்டுப் பாய்களுக்கு நடுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘எல்லாரும் அம்மாவுக்கு நன்றி சொன்னாங்க’ என்று கீழே. அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் அப்பா வந்ததும் நேருக்கு நேர் நின்றேன். கண்ணைப் பார்த்தேன். குரல் நடுங்கவில்லை. அக்காவுக்கு என்ன கிடைத்தது, யார் கொடுத்தது, எத்தனை தடவை, எல்லாம். அவள் அறையை வேண்டாம் என்று சொல்லவே இல்லை, அது என் பொய் என்பதையும். ஒரு ஆண்பிள்ளை எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொன்னேன்.

மார்ச் 26, புதன்

அப்பா காலை முதல் பஸ்ஸில் போய்விட்டார். போகும் முன் ஃப்ரிட்ஜின் ஒயரைப் பிடுங்கினார். அம்மா லீவு போட்டு, பரணிலிருந்த பெட்டிகளை இறக்கினாள். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். அவள் என்னிடம் இரண்டே இரண்டு வார்த்தை பேசினாள். “ஆட்டாம பிடி.”

மாமா டம்ளரோடு வந்து, வாசலிலேயே நின்று, திரும்பிப் போனார்.

மார்ச் 28, வெள்ளி

நேற்று மாலை இருவரும் வந்தார்கள். அப்பா அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஹோட்டலிலும் சண்டை போடவில்லையாம். சமையல்கட்டு வாசலில் நின்று, “என் பொண்ணு வீட்டுக்கு வரா” என்று மட்டும் சொன்னாராம். சான்றிதழ் போனது போனதுதான்.

அக்கா வந்து படுத்தவள் இன்று மத்தியானம்தான் எழுந்தாள். மேடை இன்னும் பிரிக்கப்படவில்லை, அதன் பக்கத்திலேயே மெத்தை. உட்கார்ந்து அரை ஜாடி முறுக்கைத் தின்று தீர்த்தாள். சத்தியத்தை மீறியதற்குக் காதைத் திருகினாள். பிறகு, அப்பாகிட்ட எப்படிடா சொன்னே என்று கேட்டாள். நேருக்கு நேர் நின்னேன், கண்ணைப் பார்த்தேன் என்று நான் ஆரம்பிக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அம்மா எல்லாம் சொல்லிட்டாடா.”

சரி. இங்கேயாவது ஒழுங்காக எழுதிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை எழுதியதில் சொன்ன விஷயம் உண்மை, நின்ற இடம் பொய். அப்பா செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதுமே நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அழுவது வெளியே கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டேன். உள்ளேயிருந்து கத்திச் சொன்னேன். கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அக்கா என்கிற ஒரு சொல்தான் வெளியே போனதாம். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா பதறுவது எனக்குக் கேட்டது.

மூன்றாவது தடவை அப்பா கதவுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து, “குழாயை மூடிட்டுச் சொல்லுடா” என்றார்.

மூடினேன்.