மாலத்தீவுக்குப் போக வேண்டிய பலகை

1987 செப்டம்பர் 6

இன்றும் கொளஞ்சியப்பன், மர மில் முற்றத்தில் நடுவே போட்ட கோட்டைத் தாண்டி மூன்று கட்டைகளை என் பக்கம் உருட்டிவிட்டுப் போனான். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். அவர் தம்பியாகப் பிறந்தான் என்பதற்காக இவனோடு ஒரே கேட்டில் நுழைய வேண்டியிருக்கிறது. கோடு போட்டதும் அவன்தான், தாண்டுவதும் அவன்தான். நேராகப் பேச மாட்டான். பலகை அடுக்குகிற இருசம்மாளைப் பார்த்துச் சொல்வான்: "அவங்ககிட்ட சொல்லு இருசம்மா, ரம்பத்துக்கு எண்ணெ போடலன்னு." நான் நாலடி தள்ளி நிற்கிறேன்! எனக்கென்ன காது அடைத்துவிட்டதா?

செப்டம்பர் 9

தூத்துக்குடி ஏஜெண்ட் தீனதயாளன் மில் பெயருக்குக் கடிதம் போட்டிருக்கிறார், முதலாளி யாரென்று அவருக்குத் தெரியாது. மாலத்தீவில் ஓட்டல் கட்டுகிறார்களாம். நம் மில்லிலிருந்து போன மலைவேம்புப் பலகை, கதவு சாம்பிள் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. முதல் லோடு 25ஆம் தேதிக் கப்பலில் ஏற வேண்டும். இது ஒழுங்காகப் போனால் வருஷம் முழுக்க ஆர்டர். என் பாகத்தைப் பிரித்துக்கொண்டு தனிக் கேட் வைத்துவிடுவேன். இவன் மூஞ்சியில் விழிக்க வேண்டியதில்லை.

கொளஞ்சியிடம் மூச்சு விடப்போவதில்லை. போன தடவை வந்த ஆர்டரை டீக்கடை முழுக்கத் தம்பட்டம் அடித்தான். சின்னசேலத்துக்காரன் தட்டிக்கொண்டு போனான்.

செப்டம்பர் 13

வெள்ளிமலையிலிருந்து இறக்கிய மரம் முழுவதும் அறுத்தாகிவிட்டது. பலகை இன்னும் பத்து நாள் காய்ந்தால் நல்லது. எங்கே காய்வது? 17ஆம் தேதியிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல். நம் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு. கேட்கட்டும். எனக்கும் பெண் இருக்கிறாள், பெரியநாயகி பத்தாவது படிக்கிறாள், அவளுக்கும் சீட்டு வேண்டியதுதான். ஆனால் என் லாரி அதற்கு முன் போய்விட வேண்டும்.

நல்ல வேளை, மறியலுக்கு ஆள் சேர்க்கிறேன் என்று கொளஞ்சி களமருதூரில் மாமியார் வீட்டில் கிடக்கிறான். வருவதற்குள் லோடு ஏற்றிவிடலாம்.

செப்டம்பர் 16

காலையில் வர வேண்டிய லாரி பொழுது சாய்ந்து வருகிறது. டிரைவர் அம்மாசி, "டயர் பூட்ச்சிங்க, நான் இன்னா பண்ணட்டும்" என்கிறான். கதவும் பலகையும் ஏற்றித் தார்ப்பாய் கட்டி முடித்தபோது இருட்டிவிட்டது. மறியலுக்கு ஆள் கூடுவதற்குள், விடியலில் கிளம்புகிறான்.

செப்டம்பர் 17

கிளம்பவில்லை.

கேட்டுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரம், அந்தப் பக்கம் ஒரு புளியமரம். இரண்டும் நடு ரோட்டில் ஒன்றன் மேல் ஒன்று, கிளைக்குள் கிளை மாட்டி. மற்ற இடங்களில் கண்டபடி வெட்டித் தள்ளியிருக்கிறார்கள், நாலு பேர் சேர்ந்தால் இழுத்துப் போடலாம். இது அப்படி இல்லை. அடிமரத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது யார் கை என்று. எங்கள் மில் ரம்பம், கொளஞ்சி கை. களமருதூரிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வந்து அறுத்திருக்கிறான். பாவி! படுபாவி!

செப்டம்பர் 18

மழை. லாரி முற்றத்திலேயே நிற்கிறது.

செப்டம்பர் 20

மறியலிலிருந்து தண்ணீர் குடிக்க உள்ளே வந்த கொளஞ்சி லாரியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"லோடு கீதுன்னு எனக்கு யாரு அண்ணி சொன்னா?"

"உனக்கு எதுக்குச் சொல்லணும்?"

"சொல்லியிருந்தா பத்து மரம் தள்ளிப் போயி சாய்ச்சிருப்பேனே! ஊர் பசங்க கையில குடுத்தா மரத்த நாசம் பண்ணுவானுங்கன்னு நானே எறங்கி அறுத்தேன்."

இதில் பெருமை வேறு! எதை எடுத்து அடிப்பதென்று தெரியவில்லை. "உன் திறமையக் கொண்டுபோய் அடுப்புல வையி" என்று கத்தினேன். "இப்பவே அறு" என்றேன். மறியல் முடியும்வரை யாரும் கை வைக்க முடியாது என்கிறான். விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச்சூடாம், ஆட்கள் செத்துவிட்டார்களாம்.  செத்தவன் வீட்டிலும் ஒரு பெரியநாயகி இருப்பாள். ஆனாலும் என் லோடு — நான் என்ன பாவம் செய்தேன்?

செப்டம்பர் 22

தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே குப்பென்று வெக்கை. ஈரப்பலகையை மூடி வைத்தால் வேறென்ன ஆகும்? ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்து நீலம் பாய ஆரம்பித்துவிட்டது. இறக்கிக் காயவைக்க ஆள் இல்லை. மறியல்காரர்களுக்குப் பயந்துகொண்டு காலனியிலிருந்து யாரும் வருவதில்லை, இருசம்மாள் உட்பட.

செப்டம்பர் 24

கை எரிகிறது. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

மறியல் முடிந்துவிட்டது. பெரிய ரோட்டில் மரங்களை அப்புறப்படுத்துகிறார்கள். எங்கள் ரோட்டை எவன் கவனிப்பான்? நாளைக்குக் கப்பல். விடிந்ததும் கொளஞ்சி இழுப்பு ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதற்கு அந்த முனையில் ஒரு ஆள் வேண்டும். அம்மாசிக்கு டயர் தூக்கி இடுப்பு பிடித்திருக்கிறது. வேறு யார்? நான்தான் உட்கார்ந்தேன்.

"தள்ளாதீங்க அண்ணி, இழுத்தா போதும். தள்ளுனா ரம்பம் மடங்கிக்கும்."

"எனக்குச் சொல்லித் தராதே."

"தள்ளிக்கினே கீறீங்களே!"

திட்டிக்கொண்டேதான் அறுத்தோம். ஒன்பது மணிக்கு வழி வந்தது. முன்னால் இன்னும் மரம் கிடந்தால் என்ன செய்வது என்று ரம்பத்தோடு அவனே லாரியில் ஏறிக்கொண்டான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ?

செப்டம்பர் 27

அம்மாசி திரும்பிவிட்டான். கதவுகள் பழைய காய்ந்த மரம், தப்பித்துக் கப்பல் ஏறின. பலகை ஏறவில்லை. நீலம் பாய்ந்ததைத் தீனதயாளன் தொடவே மாட்டேன் என்றுவிட்டாராம்.

"அந்த ஏஜெண்டு, மொதலாளி நீங்கதானான்னு கேட்டாருங்க. சின்னவரு தலையாட்டினாரு." அம்மாசி தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்.

தலையாட்டினானாம்!

அக்டோபர் 19

அடுத்த ஆர்டர் வந்துவிட்டது. வெறும் பலகை, முழு லோடு. உறையின் மேல்: திரு. கொளஞ்சியப்பன், மர ஏற்றுமதியாளர்.



அக்டோபர் 21

இன்று கோட்டைத் தாண்டி வந்து நின்றான். கட்டை உருட்ட அல்ல. நன்றாகக் காய்ந்த பலகைதான் வேண்டும் என்று இந்த முறை கண்டிப்பாக எழுதியிருக்கிறார்களாம். அவன் பக்கம் எல்லாம் பச்சை மரம். மறியல் முடிந்ததும் நான் அறுத்து அடுக்கியதுதான் காய்ந்திருக்கிறது, முழுக்க என் கொட்டகையில்.

"பலகை குடுங்க அண்ணி."

"எழுதிப் போடு, முதலாளி ரெண்டு பேருன்னு. எழுதிட்டு வா."

"அது இன்னாத்துக்கு இப்போ?"

"அப்ப பச்சை மரத்தை அனுப்பு."

 காறித் துப்பிவிட்டுப் போனான். என் பக்கத்திலேயே துப்பினான்.

நவம்பர் 4

எழுதிப்போட்டிருக்கிறான். தூத்துக்குடியிலிருந்து பதிலும் வந்துவிட்டது. ஆர்டரில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

நவம்பர் 12

பலகைக் கட்டுகளின் மேல் முதலாளி பெயர் எழுதப் பெயிண்டர் ஆதிமூலம் காலையிலேயே வந்துவிட்டார். யார் பெயர் முதலில் என்று என்னைக் கேட்டார், அவனைக் கேட்டார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மணி மூன்றாகிறது. பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.